பரிசோதனைக்கு மட்டும் இருந்த பத்தியம்

அனுப்புநர்:
ரா. அனுசுயா, பி.காம்.,
மேலத் தெரு, வடுகபட்டி,
பெரியகுளம் வட்டம்.

பெறுநர்:
மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்கள்,
தேனி.

பொருள்: சர்க்கரை நோயாளிகளுக்குச் செயற்கை மூட்டு பொருத்தும் முன் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை கோருதல், செவிலியர் அனிதா மேரி மீதான எங்கள் புகாரில் விடுபட்ட உண்மையைத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. சென்ற மாதம் என் தந்தை ராஜமணி பெயரில் தங்களுக்கு ஒரு புகார் வந்தது. வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் அதை எழுதியதும் நான்தான். மறுபடியும் எழுதித் தங்கள் நேரத்தை எடுப்பதற்கு மன்னிக்க வேண்டுகிறேன்.

2. என் தாய் பாண்டியம்மாள் பூண்டு மண்டியில் தரம் பிரிப்பவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. அரசு மருத்துவமனையில் முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தபின் புண் ஆறாமல் சீழ் பிடித்தது. மூட்டைக் கழற்ற நேரலாம் என்கிறார்கள். கட்டு மாற்றிய செவிலியரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதினோம். வரும் திங்களன்று அவர் மீது விசாரணை.

3. எழுதாமல் விட்டது இது. சர்க்கரை அதிகம் என்று முதலில் அறுவையைத் தள்ளிவைத்து, கட்டுப்படுத்திவிட்டு வரச் சொன்னார்கள். மண்டியில் டீயும் வடையும் வழக்கம்போல் நடந்தன. மாத்திரை நினைவு வந்தால் உண்டு. மறுபரிசோதனை நெருங்கியதும், "ரெண்டு நாளைக்கு வாயக் கட்டுனாப் போதும்டி, அவுகளுக்கு என்ன தெரியப் போகுது" என்றார் அம்மா. எங்கள் தெருவில் சர்க்கரை பார்க்கப் போகிற எல்லாரும் செய்வதுதான். மோரும் வெள்ளரிக்காயும் மட்டும் கொடுத்து அழைத்துப் போனேன். வெறும் வயிற்று அளவு நன்றாக வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை வெளியே ஆய்வகத்தில் பார்த்து வரச் சொன்னார்கள்; பார்த்துவிட்டோம், சீட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தோம்.

4. அறுவைக்கு முந்தின நாள் செவிலியர் அனிதா மேரிக்கு மட்டும் சந்தேகம். "பாப்பா, அம்மா தெனமும் மாத்திரை போடுறாகளா? சுகர் ஏறிக் கெடந்தா உள்ள வைக்கிற மூட்டுல கிருமி ஒட்டிக்கிரும். அப்புறம் லேசுல போகாது" என்றார். கட்டிலிலிருந்து அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போடுகிறார் என்று தலையாட்டினேன்.

5. இப்போது அந்தப் பரிசோதனை எடுத்ததில் சர்க்கரை பல மாதமாகவே கட்டுக்கடங்காமல் இருந்தது தெரிந்தது. அது ஒன்றே காரணம் என மருத்துவர் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருந்தால் அறுவையை மீண்டும் தள்ளிவைத்திருப்போம் என்றார். அன்றிலிருந்து அம்மாவின் காலில் உள்ள கட்டை என்னால் பார்க்கவே முடியவில்லை.

6. ஆகவே, அப்பரிசோதனையை மருத்துவமனையிலேயே செய்ய வேண்டும். இரண்டு நாள் பத்தியம் கருவியை ஏமாற்றுமே தவிர முழங்காலை ஏமாற்றாது என்பதையும், வீடு திரும்பிய பின்னும் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் நோயாளிகளுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். உடன் வருபவர்களை நோயாளியின் கண்முன் கேட்காமல் தனியே கேட்டால் நல்லது.

7. கேட்கத் தயங்கிய ஒன்று உள்ளது. விசாரணைக்கு என் தந்தையை மட்டும் அழைத்திருக்கிறீர்கள். என்னையும் அழைக்க வேண்டுகிறேன். இந்த மனு வீட்டில் யாருக்கும் தெரியாது. நானாக எழுந்து பேசும் தைரியம் எனக்கு இல்லை. தாங்கள் பெயர் சொல்லிக் கேட்டால், அப்பா முன்னிலையிலேயே சொல்லிவிடுவேன்.

இடம்: வடுகபட்டி
நாள்: 09.07.2025

தங்கள் உண்மையுள்ள,
ரா. அனுசுயா