நான் வாங்கி மறைத்த இருபது தட்டுகள்

தூத்துக்குடி
திருவருகைக் கால முதல் ஞாயிறு, 1979

என் மகளுக்கு,

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுதுகிறேன். இதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதே. நீ குடியிருக்கும் மாப்பிள்ளையூரணி நடக்கும் தூரந்தான். நேரில் வரத் துணிவில்லை.

கப்பல் வேலையில் நியூயார்க் போய்வந்த உன் தம்பி, அங்கே கேட்ட முறையில், மேளத்தின்மேல் பேச்சை ஓடவிட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறான். வேற்று மதத்தவனை மணந்ததற்காக, மழையில் வந்து நின்ற மகளுக்குக் கதவு திறக்காத தகப்பனைப் பற்றியது. பெயர் சொல்லவில்லை. எதுகை ஓரிடத்திலும் பிசகவில்லை.

ஊர் கேட்டுவிடக் கூடாதென்று ரேடியோக் கடையிலிருந்த இருபது தட்டுகளையும் நானே வாங்கிவந்து பெட்டியில் பூட்டினேன். மறுவாரம் கடைக்காரர் லிங்கத்துரை ஐம்பது வரவழைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரே நாளுல அம்புட்டும் தீந்துட்டுல்லா! இதுதான் இப்ப ஓடுத பாட்டுன்னு எல்லாக் கடைக்கும் சொல்லிட்டேன். ஒங்களுக்கு இன்னும் வேணுமா?" என்றார்.

இப்போது துறைமுக வாசல்வரை அதுதான் ஒலிக்கிறது. பூசை முடிந்து வருகையில் இளவட்டங்கள், "கதவத் தொறயும்வே!" என்று என் முதுகுக்குப் பின்னால் தாளம் போடுகிறார்கள். வாசலில் நின்று தட்டுகிற ஆண்டவரைப் பற்றிக் கோவிலில் வாசிக்கிறவன் நான். இன்று வாசகத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ மூன்று முறை தட்டியதாக அவன் பாடுகிறான். நீ சொல்லித்தான் எழுதியிருப்பான், நீ மறந்திருக்கலாம்.

நான்கு முறை, மகளே. தாழ்ப்பாளில் கைவைத்தபடி எண்ணிக்கொண்டு நின்றேன்.

உனக்காக ஜெபிக்கும்
அப்பா