சேர்த்து வைக்கக் கூடாத இரண்டு துண்டுகள்

என் அருமை மச்சான் ரூபனுக்கு,

உன் பெயரில் நம் பழைய துறையில் ஒரு கேடயம் வைத்திருக்கிறார்கள். சிரிக்காதே, முழுவதும் கேள். முனைவர் பட்டத்துக்கான எல்லாத் தகுதிகளையும் மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிடுகிற மாணவருக்கு வருடாவருடம் அதைக் கொடுப்பார்களாம். யாரை அந்தத் துறை ஓடவிட்டு ஓடவிட்டு கடைசிவரை முடிக்கவிடவில்லையோ, அவன் பெயரில்! இப்படி ஒரு யோசனை தோன்ற எவ்வளவு தடித்த தோல் வேண்டும்? போன வெள்ளிக்கிழமை விழா. நானும் போயிருந்தேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

எண்பதுகளின் கடைசியில் நாம் இரண்டு பேரும் பொருளறிவியல் துறையில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். பாடங்களை முடி, தகுதித் தேர்வு எழுது, கட்டுரை அச்சேற்று, குழுவின் முன் பேசு என்று என்னென்னவோ சொன்னார்கள். படிப்பு என்றால் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் துறைத்தலைவரின் முத்திரை விழ வேண்டும். ஸ்டாம்ப் பேடை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் அந்த மனிதர். சீல் சார் என்று நீதான் பெயர் வைத்தாய். ஆள் ஓய்வு பெறப் போகிறார், பெயர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெர்மன் மொழிப் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? உலோகத்தைப் பற்றி ஜெர்மானியர்கள் எழுதியதை மூலத்திலேயே படிக்க வேண்டுமாம். படிக்க நம் நூலகத்தில் ஒரு ஜெர்மன் இதழ்கூடக் கிடையாது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்ததும் நீ வினைச்சொற்களை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவாய். கொய்யாப்பழம் விற்கிற அக்கா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உன்னையே பார்த்தது.

"இன்னா தம்பி, யாருக்குனா சூனியம் வெக்கிறியா?"

"ஆமாக்கா, எங்க சாருக்குத்தான். புட்ச்சிக்க மாட்டேங்குது."

பெட்டியே சிரித்தது. அந்தப் பரீட்சையிலும் நீ தேறினாய்.

நீ எதில் தேறவில்லை? அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் ஏன் திடீரென்று உடைகின்றன என்பது உன் ஆய்வு. விரிசல் எப்போதும் வெளிப்பரப்பில்தான் தொடங்கும், மேலே மெருகு போட்டால் போதும் என்பது சீல் சார் காலகாலமாகச் சொல்லிவந்த கொள்கை. அதை வைத்துத்தான் அவருக்குப் பேரும் பதவியும். உருக்கும்போது உள்ளே தங்கிவிட்ட அழுக்குத் துணுக்கிலிருந்தும் தொடங்கும், மெருகு போட்டு அதைத் தடுக்க முடியாது என்று நீ சொன்னாய். தாம்பரம் ஜிஎஸ்டி ரோட்டில் ஜனங்களை அடைத்துக்கொண்டு போகிற பஸ் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

அதற்கு ஆதாரம், உடைந்த பட்டையின் முகம். அதில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் இருக்கும், விரிசல் எங்கே பிறந்தது என்று அவை காட்டிக்கொடுக்கும். அதனால்தான் நம் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள்: உடைந்த இரண்டு துண்டுகளை ஒருபோதும் திரும்பப் பொருத்திப் பார்க்காதே. உரசினால் வரிகள் நசுங்கிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. பொருத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும் என்பது வேறு விஷயம்.

உன் ஆய்வைக் கேட்க ஒருநாள் ஆய்வுக் குழு கூடியது, நானும் பின்வரிசையில் இருந்தேன். நீ துண்டுகளை மேசையில் வைத்து முழுதாக ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டாய். சீல் சார் இரண்டையும் கையில் எடுத்து, முகத்தோடு முகம் சேர்த்து, ஒரு அழுத்து அழுத்தினார்.

"பாருப்பா, எவ்வளவு க்ளீனா சேர்றது! உள்ள ஒண்ணும் இல்லையே."

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. குழுவில் இருந்த மற்றப் பேராசிரியர்கள் அனைவருக்கும் அந்த விதி தெரியும். ஒருவராவது வாயைத் திறந்தாரா? பிஸ்கட்டைத் தின்றார்கள். ஆதாரம் போதவில்லை, சோதனையைத் திரும்பச் செய்யவும் என்று எழுதி முத்திரை குத்தினார்கள். மச்சான், அவர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? தெரியாமல் என்றால் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லை. தெரிந்தே என்றால் மனுஷன் என்று சொல்லவே லாயக்கில்லை. எது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

நீ திரும்பச் செய்தாய். அதற்குள் புதிய விதிகள் வந்துவிட்டன, உன் பழைய பாடங்கள் செல்லாது என்றார்கள். நேற்று வந்த பையன்களோடு உட்கார்ந்து அதே பாடங்களை மறுபடி எழுதினாய். ராத்திரி பகலாக இயந்திரத்தை ஓட்டி இன்னொரு பட்டையை உடைத்தாய். துண்டுகளைப் பஞ்சில் சுற்றி, ஃபிலிம் ரோல் டப்பாக்கள் இரண்டில் தனித்தனியாகப் போட்டு மெழுகு வைத்து மூடினாய். மின்னணு நுண்ணோக்கியில் பார்க்க அனுமதி கேட்டாய். முத்திரை விழவில்லை. மஞ்சள் காமாலை வந்தது. நீ போய்விட்டாய்.

உன் இரும்புலியூர் வீட்டில் காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வந்தார்கள்.

"எம்மா நாளு படிச்சிகினு இருந்தான் எம் புள்ள. அந்தப் பட்டத்த இப்பயாச்சும் குடுங்க சார். கல்லறைல போட்டுக்கினா போதும்."

"வைவாக்கு கேண்டிடேட் நேர்ல ஆஜராகணும்மா. ரெகுலேஷன் அப்படி. நாங்க என்ன பண்ண முடியும்?"

இறந்தவனை வாய்மொழித் தேர்வுக்கு நேரில் வரச் சொல்கிற விதி. அதைச் சொல்லும்போது சீல் சாரின் குரல்கூடக் கம்மவில்லை. அம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

எனக்குப் பட்டம் கொடுத்தார்கள், தெரியுமா? என் ஆய்வு யாருடைய கொள்கையையும் தொந்தரவு செய்யவில்லை. இப்போது மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன், பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் வேலை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற முனைவர் நான். நம் பையன்கள் எல்லாம் உலோகத்தைக் கைகழுவிவிட்டுக் கம்ப்யூட்டர் படிக்க ஓடுகிறார்கள். நான் தடுப்பதில்லை.

இனி அந்த விழாக் கதைக்கு வருகிறேன். மேடையில் உன் படம், மாலை. அதன் முன்னால் ஒரு வெல்வெட் தட்டு. உன் அலமாரியைக் குடைந்து அந்த இரண்டாவது பட்டையின் துண்டுகளை எடுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள். உனக்கு மரியாதையாம்! டப்பாக்களை எவனோ திறந்து ஓரமாகப் போட்டிருந்தான். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சீல் சார் உன்னைத் தன் பிள்ளை என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போட்டோக்காரர், "சார், கையில ஏதாச்சும் வெச்சிக்குங்க" என்றார். உடனே அந்த ஆள் ஒரு கையில் ஒரு துண்டும் மறு கையில் மறு துண்டும் எடுத்தார். சிரித்துக்கொண்டே இரண்டையும் கிட்டே கொண்டுபோனார்.

நான் எப்படி மேடை ஏறினேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

"சேத்தீங்கன்னா நடக்கறதே வேற சார்."

"என்னப்பா இது? இது ஒரு மெமென்டோ!"

"மொத தபா மேசைல வெச்சி அழுத்தினீங்களே, அது இன்னா சார்?"

மைக் ஆன் ஆகியிருந்தது. சபை முழுவதும் கேட்டது. அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. அன்று பிஸ்கட் தின்றவர்கள் இன்று தலையைக் குனிந்துகொண்டு நிகழ்ச்சி நிரலைப் படித்தார்கள். நான் துண்டுகளை வாங்கி, அவற்றின் டப்பாக்களிலேயே தனித்தனியாகப் போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். துறையின் சொத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக என் மேல் புகார் எழுதியிருக்கிறாராம். எழுதட்டும், முத்திரையும் அழுத்திக் குத்தட்டும்.

வேறோர் ஊர் ஆய்வகத்தில் இருக்கும் நண்பனிடம் அவற்றை எடுத்துப்போனேன். நேற்று நுண்ணோக்கியில் பார்த்தோம். விளிம்பில் கொஞ்சம் துரு, மற்றபடி முகம் பத்திரமாக இருந்தது. வரிகளைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனோம். அவை மேற்பரப்புக்குப் போகவில்லை, மச்சான். நடுவே ஒரு சின்னத் துணுக்கில் போய் நின்றன.

உள்ளேதான்டா. நீ சொன்ன மாதிரியே, உள்ளேதான்.

இதைச் சொல்ல நீ இல்லையே என்று நுண்ணோக்கி இருந்த அந்த இருட்டறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதைக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பெயர் ஒன்றுதான் அதில் இருக்கும். என் பெயர் வராது, அந்த ஆளின் பெயரும் வராது. உன் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டமும் போட மாட்டேன், அவர்கள் கொடுக்காததை நான் கடன் வாங்க மாட்டேன். அச்சானதும் இரும்புலியூருக்கு எடுத்துப்போய் அம்மா கையில் கொடுப்பேன். அந்த இரண்டு துண்டுகளும் என் வீட்டில் தனித்தனி டப்பாவில் இருக்கும். நான் இருக்கிறவரை அவற்றை ஒருவனும் சேர்க்க முடியாது.

தாம்பரம் ரயில் ஏறும்போதெல்லாம் என் பக்கத்து இடத்தை இன்னும் உனக்காகப் பிடித்துவைக்கும்
உன் மச்சான்,
ஏகாம்பரம்