ரசத்தில் வட்டம்

கியா பார்ம்
9.3.2025

ப்ரியா அப்பாவுக்கு,

மலர் வீட்டில் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளும் சுகமாகவே இருப்பீர்கள். போனில் பேசினால் "ஆங்? என்னா? சத்தமா சொல்லு லா" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதனால் தாள்.

நான் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டதாகத் தோட்டத்து லய வீடுகளில் பேசிக்கொள்கிறார்களாம். கோபம் இல்லை. ரசம் வட்டம் வட்டமாக அசைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு அலுத்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் அலமாரியிலிருந்து தாமாகவே நடந்து வந்து விழுந்தன. கடைசித் தட்டு விழுந்தபோது, "பாத்தியா, மூணாவது பாட்டு எப்படி எறங்குது!" என்றீர்கள். அன்றுதான் பையை எடுத்தேன்.

நீங்கள் ஓயாமல் போடும் அந்த சிடியில் ஒரு வார்த்தை உண்டா? பாடுகிறவர் உண்டா? செய்தவன் தன் முகத்தை அட்டையில்கூடப் போடவில்லை. அவனுக்கே அவ்வளவு தயக்கம்.

வீட்டில் அந்த பேஸ் பெட்டிகள் இருக்கட்டும், அல்லது நான். அம்மன் கோயில் திருவிழா முடிவதற்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் மலர் வீட்டுக்காரர் சொல்லும் வக்கீலைப் பார்ப்பேன்.

விக்னேஸ்வரி

பிரஷர் மாத்திரை அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.


கீழ்லயம்
16.3.2025

அன்புள்ள விக்கிக்கு,

மாத்திரை கிடைத்தது.

ஈப்போவில் அந்த சிடியை வாங்கியபோது நமக்குக் கல்யாணமாகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டு வந்து பழசாகிவிட்டது. இது ஆகவில்லை. வார்த்தை இல்லாததால் பழசாக அதில் எதுவும் இல்லை என்பது என் கருத்து. கோலாலம்பூரில் இதைக் கேட்க ஆட்கள் டிக்கெட் வாங்கி நிற்கிறார்கள் என்று ப்ரியா சொல்கிறாள். நீ டிக்கெட் இல்லாமல் கேட்டவள்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். திருவிழாவுக்கு நம் பெட்டிகளைக் கட்டிக் கோயிலில் அம்மன் பாட்டு போட்டால் மேல்லயத்துக்கு எட்டாது. மலை மடிப்பில் வார்த்தை சிக்கிக்கொள்கிறது; அடியில் அதிரும் பேஸ் மட்டும் ஏறிப் போகிறது. நான் பெட்டியைச் சோதிக்க மூன்றாவது பாட்டைப் போட்டால்தான் அங்கே குளிக்கப் போகிறார்கள். அது முடியும்போது இறங்கி வருகிறார்கள். பண்டாரம் கற்பூரத்தை எடுக்கிறார். வங்காளதேசத் தொழிலாளிகள் அதை அம்மன் பாட்டு என்றே நினைக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

கோயில் தலைவர் வீரப்பன் இந்த வருடம் வெளியிலிருந்து நாகரிகமான ஸ்பீக்கர் வரவழைக்கிறாராம். "குகா, ஒங்க பேஸுல அம்மனுக்கே நெஞ்சு வலிக்குது" என்றார். நான் சண்டை போடவில்லை.

குகனேஸ்வரன்


கீழ்லயம்
4.5.2025

அன்புள்ள விக்கிக்கு,

திருவிழா முடிந்தது. நாகரிகமான ஸ்பீக்கர் தெளிவாகப் பாடியது. மேல்லயத்தில் எல்லாரும் மூன்றாவது பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். ரதம் சுற்றிவந்து நிலைக்குத் திரும்பிய பிறகு, "என்ன, இன்னும் கெளம்பலையா?" என்று போன் செய்தார்கள். அர்ச்சனைத் தட்டுகள் அப்படியே மிஞ்சின. வீரப்பன் என்னைத் தேடி வந்து, "டேய், அடுத்த வருசம் அந்தக் கருமத்தையே போட்டுத் தொலை" என்றார்.

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. ஆனால் பெட்டிகள் அப்போது என்னிடம் இல்லை. ரதத்துக்கு முதல் நாளே விற்றுவிட்டேன், சிடியோடு. கியா பார்மில் ஸ்ட்ராபெர்ரிக் கடை வைத்திருக்கும் தினேஸ்வரன் வாங்கிப்போனான். கடை எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. ரசம் அசைவதில்லை. அதை நான் வைத்தேன், அதனாலும் இருக்கலாம்.

குகனேஸ்வரன்


கியா பார்ம்
11.5.2025

ப்ரியா அப்பாவுக்கு,

தினேஸ்வரன் கடை மலர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். நீங்கள் கேட்கவில்லை என்பதை நம்புகிறேன். கேட்டிருந்தாலும் பதில் காதில் விழுந்திருக்காது.

அந்தப் பெட்டிகளைப் போட்டுச் சுற்றுலாக்காரர்களை இழுக்கிறானாம். நேற்று தலை நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஸ்ட்ராபெர்ரி வாங்கவில்லை. மலர் வீட்டு ரசத்திலும் இப்போது வட்டம் விழுகிறது. மலர் என்னைப் பார்க்கிறாள். நான் சுவரைப் பார்க்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் மூன்றாவது பாட்டில், மழை மாதிரி இரைச்சல் நின்று, எல்லாம் அடங்கி, அடியிலிருந்து அந்த பேஸ் வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, சினிமாப் பாட்டுப் போடுகிறான். தினமும். இத்தனை வருடமும் நான் அதைக் கேட்டதில்லை, பொறுத்துத்தான் இருந்தேன். ஆனாலும் எந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்று தெரிகிறது. அந்த இடம் வந்ததும் கையிலிருக்கும் கரண்டி தானாக நிற்கிறது. எதுவும் வருவதில்லை.

நேற்று கடைக்கே போய், "தம்பி, முழுசாப் போடு, இல்லாட்டி போடாத" என்றேன். "அக்கா, இது ஒங்களுக்குப் புரியாது லா" என்றான். என்னிடம்.

விற்றதைத் திருப்பித் தரச் சம்மதிக்கவைத்துவிட்டேன். எப்படி என்று மலர் சொல்வாள். கடை வாசலில் நான் போட்ட சத்தத்தில் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பெட்டிகள் கோயில் ஸ்டோரில் இருக்க வேண்டும். சிடி வீட்டில் இருக்கலாம். தட்டுகள் இனி எவர்சில்வர்.

ஞாயிற்றுக்கிழமை லோரியை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெட்டிகள் பின்னால் வரட்டும். முன் சீட்டில் கிடக்கும் வயர்களை எடுத்துவிடுங்கள்.

விக்னேஸ்வரி

இதற்குக் கட்டைவிரல் படம் போதும்.