ஐந்தாவது ஃபவுல்

பால் தீய்ந்த வாடை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சன்னலுக்கு வந்தேன். எதிர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதினார்கள், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் இத்தனை வருஷம் கழித்தும் நான் அடுப்பை மறந்துவிடுகிறேன். பால் பொங்கி, வழிந்து, அடிப்பிடித்துப் புகை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நம் மகள் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "யாரு பாலை வச்சுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தது?" என்று கத்தினாள். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது கிடக்கட்டும். முதலில் உங்களோடு எனக்கொரு பழைய வழக்கு இருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று, பேரையூரில், என் அப்பா உங்களிடம் கேட்டது நினைவிருக்கிறதா?

"மாப்ள என்ன வேலை பாக்குறீக?"

"பாஸ்கெட்பால் விளையாடுறேன் மாமா. மில் டீம்ல."

"சாயங்காலம் விளையாடுறது இருக்கட்டும். பகல்ல என்ன வேலை?"

"பகல்லயும் அதான் மாமா."

பருத்தியும் சோளமும் தவிர வேறொன்றும் அறியாத மனுஷர் அவர். உங்கள் உயரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, பரண்ல சாமான் எடுக்க ஏணி தேவப்படாது" என்று சொல்லிச் சம்மதித்துவிட்டார்.

பந்து விளையாடச் சம்பளம் கொடுப்பவர்கள் அதை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை என்பது தாலி ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு சீசன் தூத்துக்குடி மில். அடுத்த சீசன் கோயம்புத்தூர். அப்புறம் பெங்களூரில் ஒரு தொழிற்சாலை, அதற்கப்புறம் ஹைதராபாத். நடுவில் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் கெஸ்ட் பிளேயர் வேறு. ஊருக்கொரு பனியன், பனியனுக்கொரு நிறம். ஒரே கொடியில் மஞ்சளும் நீலமும் சிவப்பும் காய்வதைப் பார்த்துவிட்டு, "இவுக எந்தக் கட்சி?" என்று பக்கத்து வீட்டம்மா என்னிடம் கேட்டாள். உங்களுக்கு அது வேடிக்கை. புது ஊரில் தண்ணீர்க் குழாய் எங்கே, ரேஷன் கடை எங்கே என்று தேடி அலைந்தவள் நான்.

வீட்டிலும் உங்களுக்கு மைதானப் பழக்கம்தான். அந்தக் காலத்து ஆட்டத்தில் ஃபவுல் செய்தவர் தானே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஸ்கோர் மேசையில் இருப்பவர் பனியன் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். "யாரு டம்ளரை ஒடச்சது?" என்று நான் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டால், கூடத்தில் உங்கள் கை விட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. "அப்பா ஃபவுல்!" என்று மகள் குதிப்பாள். அதற்குமேல் நான் எங்கே சண்டை போடுவது?

பிறகுதான் மதுரையில் அந்தக் கம்பெனி உங்களைக் கூப்பிட்டது. விளாங்குடியில் வாடகைக்கு இந்த வீடு. உங்கள் முழங்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. "இந்தத் தடவ கப்பை எடுத்துக் குடுங்க. பெர்மனென்ட் ஆர்டரை நானே கையில தாரேன்" என்றார் மேனேஜர். ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஜெயித்தால் மதுரை. தோற்றால் மறுபடி மூட்டை.

உங்கள் ஆட்டத்தை நான் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தது அந்த ஃபைனல் ஒன்றைத்தான். சவுக்குக் கம்பு கட்டிய கேலரி. மேற்கு வெயில் கண்ணில் குத்தியது. மடியில் மகள். பக்கத்தில் உங்கள் கேப்டனின் மனைவி. நீங்கள் ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் எனக்கு முழங்கால் வலித்தது.

"அக்கா, அண்ணனுக்கு நாலு ஃபவுல் ஆயிருச்சு. இன்னும் ஒன்னுன்னா வெளியதான்" என்றாள் அவள்.

"எம்புட்டு நேரம் இருக்கு?"

"ஒரு நிமிஷங்கூட இல்லக்கா. நாமதான் ஒரு பாயின்ட் கூட."

அப்போதுதான் எதிரணியின் நெட்டையன் பந்தோடு எழும்பினான். அவனோடு நீங்களும் உங்கள் அணியின் புதுப் பையனும் எழும்பினீர்கள். விசில். ரெஃப்ரி உங்களைப் பார்த்தார், அந்தப் பையனைப் பார்த்தார், மறுபடி உங்களைப் பார்த்தார். யார் கை பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மீனாட்சித் தாயே, அந்தக் கையை மட்டும் கீழேயே கட்டிப்போடு என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதற்கும் அப்படி நான் வேண்டிக்கொண்டதில்லை.

உங்கள் கை எழுந்தது.

"அப்பா ஃபவுல்!" என்று மடியில் இருந்தது கைதட்டிச் சிரித்தது. அதன் வாயைப் பொத்தினேன். நீங்கள் நொண்டிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். நெட்டையன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டான். மிச்ச நேரத்தில் பந்து உங்கள் ஆட்களிடம்தான் இருந்தது. கூடையில் போடத்தான் ஆள் இல்லை. மேனேஜர் உங்கள் பக்கம் திரும்பாமலே காரில் ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ரெஃப்ரிக்கே தெரியல. ஒங்களுக்கு எதுக்கு அம்புட்டு அவசரம்?"

"பட்டது என் கைதான?"

"அந்தப் பய சும்மாதான நின்னான்?"

"அவன் கை படலயே. அவன் எதுக்குத் தூக்கணும்?"

அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. சோறு வைத்தேன், தட்டை எடுத்தேன். ஆர்டர் வரவில்லை. பெங்களூர்க்காரர்கள்தான் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை நானும் மகளும் வரமாட்டோம் என்று அவளை இங்கேயே பள்ளியில் சேர்த்தேன்.

மதுரை ஜங்ஷனில் உங்களை ரயிலேற்ற வந்தபோதுதான் உடைந்துபோனேன். போகிறவர் வருகிறவர் பார்க்க, "இப்படி ஆளுக்கொரு ஊர்ல கெடக்கோமே, இதுக்கெல்லாம் யாரு காரணம்?" என்று கத்திவிட்டேன். நீங்கள் பையைத் தரையில் வைத்தீர்கள். கையைத் தூக்கினீர்கள். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "சரி, ஏறுங்க. வண்டி கெளம்பப் போவுது" என்றேன்.

"வாரேன்" என்றீர்கள்.

ரயில் நகர்ந்தபோது எல்லாச் சன்னலிலும் கைகள் ஆடின. உங்கள் கை மட்டும் ஆடவில்லை. வண்டி வளைந்து மறையும்வரை தூக்கியபடியே இருந்தது.

முழங்கால் இரண்டே வருஷத்தில் உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் சமயநல்லூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீட்டையே வாங்கினோம். அந்த ஃபைனலைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் கோபம் முழுசாகத் தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். அந்த ஆர்டர் வந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எது தொலைந்தாலும் எது உடைந்தாலும் நான் ஒருநாளும் யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை. போன ஆவணியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

இன்று காலை மகள் கத்தினாளே, அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. நானாக நினைத்துச் செய்யவும் இல்லை. பார்த்தால், என் வலது கை தலைக்கு மேலே நிற்கிறது.

கரண்டியோடு திட்ட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கிட்ட வந்து, "ரெஃப்ரி பாத்தாச்சும்மா. கையை எறக்கு" என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தேன்.