பனியில் என் கால் கழுவிய மச்சானுக்கு

என் அன்புக்கும் ஏச்சுக்கும் ஒரேயளவில் உரிய தர்மலிங்கம் மச்சானுக்கு,

இன்று காலை பனி பெய்தது. பார்த்தவுடன் கை தன்பாட்டில் தொலைபேசிக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டு எண்ணில் பாதியை அழுத்திய பிறகுதான், நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது என்பது உறைத்தது. கதையைப் பாதியில் வைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

ஹவுன்ஸ்லோவில் பெரிதாக ஒன்றும் இல்லை. காரின் கூரையில் தோசைமா ஊற்றியதுபோல ஒரு மெல்லிய படை, அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை நன்றாகக் கொட்டும் என்று வானொலிக்காரன் சொல்கிறான். சனிக்கிழமை என்ன நாள் தெரியுமா? உங்கள் ஒரே மகள் சுபாவுக்குக் கல்யாணம்.

வசந்தி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணை இருந்திருந்தா இப்ப துள்ளிக்கொண்டு நிப்பார்," என்றாள் உங்கள் தங்கை. ஓம், துள்ளித்தான் இருப்பீர்கள். பெற்றோல் ஸ்ரேஷனில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நின்று, விறைத்த விரல்களோடு வீடு திரும்புகிறபோதும் பனியைக் கண்டு சிரிக்கிற யாழ்ப்பாணத்தான் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

எனக்கும் பனிக்கும் பொருத்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றி இறக்குகிறவனைக் கேட்டால் தெரியும் பனி என்றால் என்ன என்று. விமானம் வராது, வந்தது போகாது, பெட்டிகள் மலையாகக் குவியும், பயணிகளின் ஏச்செல்லாம் நமக்கு. காது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுத்தான் பார்க்கவேண்டும். "கண்டறியாத ஸ்நோ!" என்று நான் உங்களுக்குப் போன் பண்ணித் திட்டினால், மறுபக்கத்தில் சிரிப்புத்தான் கேட்கும். "மழையெண்டா சத்தம் போட்டுக்கொண்டு வரும், மச்சான். இது பாரும், களவாய் வந்து, விடியிறதுக்குள்ள முழு ஊருக்கும் வெள்ளையடிச்சுப்போட்டு நிக்கும். அந்தக் கெட்டித்தனத்தை மெச்ச வேண்டாமே?"

மெச்ச மாட்டேன் என்று எத்தனை தரம் சண்டை பிடித்திருப்போம்! ஆனால் பனி பெய்தால் உங்களுக்குத்தானே முதலில் போன் பண்ணினேன்? அதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

உங்கள் முப்பத்தொராம் நாள் நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் நான் எழுதியது முழுக்க அழுகை. படித்திருந்தால், "ஆரையா இது, இவ்வளவு நல்ல மனிசன்?" என்று கேட்டிருப்பீர்கள். அதில் எழுதாமல் விட்டதை இன்று எழுதவேண்டும்போல இருக்கிறது. சுபாவின் மாப்பிள்ளை இந்தக் கதையைச் சொன்னால் நம்புகிறான் இல்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு, தை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அந்தத் தையில் லண்டனில் இருந்த வழியெல்லாம் மூடிக்கொண்டது. அதற்கு முன்னரே இரண்டு தரம் தள்ளிப்போன கல்யாணம் எங்களுடையது. முதல்தரம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டாந்தரம் ஊரில் உங்கள் பெரியப்பா செத்துப்போய், துடக்கு என்று நின்றது. மூன்றாவதாக இந்த நாளை வைத்தபோது வசந்தி உங்களிடம் சொன்னாளாம்: "இந்த முறையும் தள்ளினா இது எனக்கு விதிச்சதில்லை. விட்டிடுங்கோ அண்ணை." நீங்களோ, தை முடிவதற்குள் தாலி ஏறும் என்று ஊரிலிருந்த உங்கள் ஐயாவுக்குக் கடிதமும் எழுதிவிட்டீர்கள்.

பனி இரண்டு நாளாகக் கொட்டியது. வெள்ளிக்கிழமை பின்னேரம், நாங்கள் எடுத்திருந்த பள்ளிக்கூட மண்டபத்தின் காவலாளி, கதவு திறக்க ஏலாது என்று சொல்லிவிட்டான். மனோர் பார்க்கில் உங்கள் வீட்டில் வந்து நின்ற சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர், "சகுனம் சரியில்லை, சித்திரையில பாப்பம்," என்று தொடங்கினாராம். "பெரியம்மா, மண்டபம் பூட்டினா வீட்டில வைப்பம். வீடும் பூட்டினா றோட்டில வைப்பம்," என்றீர்களாம். அதை உங்கள் மனைவி பூமணி அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அன்று பின்னேரம்தான் அந்த உப்புக் கூத்து நடந்தது. பக்கத்து வீட்டு டோறீன் கிழவி, நல்ல மனுஷி, நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், யாரும் விழுந்துவிடக் கூடாது என்று, பனி உறையாமலிருக்கப் படியில் தூவ ஒரு வாளி உப்புக் கொண்டுவந்து தந்தா. நீங்கள் வாங்கி, கண்ணில் ஒற்றாத குறையாக உள்ளே கொண்டுபோய்க் குசினியில் அடுப்பருகே வைத்துவிட்டீர்கள். "உப்பு சீதேவியல்லோ? மாப்பிள்ளையும் பொம்பிளையும் சீதேவியை மிதிச்சுக்கொண்டு உள்ள வாறதோ? விசரே இந்த மனிசிக்கு?"

அதோடு விட்டீர்களா? கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஏழெட்டுத் தரம், வாசற்படியில் ஊற்றினீர்கள். பனி கரைந்து ஓடியது. கறுப்புப் படி பளிச்சென்று தெரிந்தது. "பாத்தியே, உப்புமில்லை கிப்புமில்லை!" என்று அக்காவிடம் பெருமையடித்துவிட்டுப் போய்ப் படுத்தீர்கள். இரவு முழுக்க அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று வெப்பநாட்டு மூளைக்கு எப்படித் தெரியும்?

நான் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். துணைக்கு என் அறைத்தோழன் தேவன். என் ஆட்கள் எல்லாரும் ஊரில், லண்டனில் எனக்கென்று அவன் ஒருவன்தான். ஓவர்கோட்டுக்குள்ளே பட்டுவேட்டி, காலில் வேலைச் சப்பாத்து, தலைப்பாகை ஒரு பொலித்தீன் பையில். ரயில் நின்று நின்று ஊர்ந்து, மைல் எண்டில் எல்லாரையும் இறக்கிவிட்டது. இனி ரயில் இல்லை, பஸ்ஸும் இல்லை. நேரம் எட்டரை. முகூர்த்தம் பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை.

நடந்தோம், மச்சான். போ என்ற பெயருள்ள இடத்தைத் தாண்டினோம், ஸ்ட்ராட்ஃபோர்டு வந்தோம். வேட்டி முழங்கால்வரை நனைந்து, விறைத்து, நடக்க நடக்க அட்டைபோலச் சடசடத்தது. தேவன் வழி முழுக்க ஒரே கேள்வி: "டேய், உண்மையைச் சொல்லு, சின்ன வயசில எவ்வளவு பச்சரிசி திண்டனீ?" பச்சரிசி தின்றவன் கல்யாணத்துக்கு மழை வரும் என்பார்களே, அந்தக் கணக்கு. தெருவோர போன் பெட்டியிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். அழுகிற குரலில்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். "மச்சான், நேரத்துக்கு வர ஏலாதுபோல கிடக்கு."

"நீர் நடவும். பன்னிரண்டு மணி மட்டும் ஐயரைக் கட்டிவைச்செண்டாலும் வைச்சிருப்பன். வசந்தி சோடிச்சு முடிஞ்சுது. உம்மட கால் கிடக்கெல்லோ? அதை மட்டும் கொண்டு வாரும்!"

பதினொன்று இருபதுக்கு உங்கள் தெருமுனையில் நின்று தேவன் எனக்குத் தலைப்பாகை கட்டினான். வாசலில் நீங்கள் பட்டுவேட்டியும் சால்வையுமாக நின்றீர்கள். நிறைகுடத்துத் தண்ணீர் உறைந்து, மாவிலை அதில் நட்டுவைத்ததுபோல நின்றது. மாப்பிள்ளை கம்பீரமாகப் படியில் கால் வைத்தான். அவ்வளவுதான் தெரியும்! நீங்கள் ஊற்றிய ஏழெட்டுக் கேத்தில் தண்ணீரும் கண்ணாடியாகக் காத்திருந்ததல்லவா? நான் வழுக்க, நீங்கள் பிடிக்க, இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி நிலத்தில் இருந்தோம். தலைப்பாகை டோறீனின் முற்றத்துக்குப் போய்விட்டது. பெரியம்மா "ஐயையோ!" என்றார். உள்ளே மேளத்துக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த கசெட் மட்டும் நிற்காமல் கெட்டிமேளம் கொட்டியது.

முதலில் சிரித்தது யார்? மேல்மாடி ஜன்னலிலிருந்து வசந்திதான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் மனதிலிருந்த பயமெல்லாம் போய்விட்டது. அதுவரை நான் அவளோடு பத்து வசனம் பேசியிருப்பேனோ தெரியாது.

நீங்கள் எழும்பி, அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து படியில் விரித்து, "சப்பாத்தைக் கழட்டும்," என்றீர்கள். கழற்றினேன். என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாததுபோல இருந்தது. அப்போது நீங்கள் செய்ததைத்தான் கல்வெட்டில் எழுதத் தெரியாமல் விட்டேன். குனிந்து உங்கள் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு பனியில் இறங்கி நின்றீர்கள்.

"உங்களுக்கு என்ன விசரே?" என்று அக்கா உள்ளிருந்து கத்தினார்.

"மாப்பிள்ளை வெறுங்காலோட நிக்கேக்க, நான் சப்பாத்தோட நிண்டு அவருக்குக் கால் கழுவுறதோ?"

செம்புத் தண்ணீரை ஊற்றினீர்கள். அது இளஞ்சூடாக இருந்தது. பிறகு புதுப்பட்டுச் சால்வையால் என் கால்களைத் துடைத்து, உணர்ச்சி வரும்வரை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். கால் கழுவுவது சடங்கு. தேய்த்துவிடு என்று எந்த ஐயரும் சொல்லவில்லை. லண்டனுக்கு வந்து நாலு வருடத்தில் என்னை ஒருவர் அன்பாகத் தொட்டது அதுதான் முதல்தரம். எனக்கு அழுகை வந்தது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் முறையில் பொம்பிளையின் அண்ணன் தம்பிதானே மாப்பிள்ளைத் தோழன்; கால் கழுவிய தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டுமே. என் விரல்கள் விறைத்திருந்ததில் உங்கள் மோதிரவிரலை விட்டுச் சின்னவிரலில் போட்டுவிட்டேன். "மாத்திப் போடு," என்றார் பெரியம்மா. "அவர் போட்ட இடத்தில கிடக்கட்டும்," என்றீர்கள். கடைசிவரை அது அந்த விரலிலேயே கிடந்தது.

பதினொன்று ஐம்பதுக்குத் தாலி கட்டினேன். ஜன்னலைத் திறந்தால் பனி, மூடினால் ஓமப்புகை. வந்தவர்கள் பதினான்கு பேர், சமைத்தது இருநூறு பேருக்கு. என்ன செய்வது என்று அக்கா தலையில் கை வைக்க, நீங்கள் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டினீர்கள். வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் அடைந்திருந்த அந்தத் தெரு முழுக்க எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. டோறீன் கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூக்கைத் துடைத்தபடி என் தலைப்பாகையைத் திருப்பித் தந்தா. நாள் நல்லாக இருந்து, மண்டபமும் திறந்திருந்தால், அந்தச் சனத்தையெல்லாம் நாங்கள் அறிந்திருப்போமா?

சரி, இப்போது இன்றைய செய்தி. நாளை மறுநாளுக்கு மண்டபம் பார்க்கிங் நகரில், சூடேற்றிய பெரிய மண்டபம். ஆனால் மாப்பிள்ளை முதலில் மனோர் பார்க் வீட்டுக்கு வந்துதான் போகவேண்டும் என்று சுபா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. தோழன் யார் என்கிறீர்கள்? நான்! நாற்பது வயதில், முன்மண்டை வெளித்தபிறகு தோழன்! "ஆள் மாறிப் பிடிச்சுக்கொண்டு போயிடப்போறாங்கள்," என்று வசந்தி பகிடி பண்ணுகிறாள். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். "மாமா, ப்ளீஸ். அப்பா உங்களுக்குச் செய்ததை நீங்கள் இவருக்குச் செய்யுங்கோ. வேற ஆரும் வேண்டாம்," என்றாள் சுபா. அதற்குமேல் என்ன கதை?

டோறீன் நேற்றே மதிலில் ஒரு வாளி உப்பு வைத்துவிட்டாவாம். அக்கா அதை எடுத்துக் குசினியில் வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். பேச்சோடு பேச்சாக, "தம்பி, அவற்ற மோதிரம் இஞ்ச கிடக்கு. மாப்பிள்ளைப் பெடியனிட்டக் குடுக்கிறன். தோழனுக்கு அவன் அதைப் போடட்டும்," என்றார்.

இந்தப் பனியில் எனக்கு இன்னும் காது விறைக்கிறது, மச்சான். வேலைத்தளத்தில் இன்னும் திட்டுகிறேன். இருந்தாலும் சனிக்கிழமை கொட்டட்டும் என்று இன்று காலை ஜன்னலடியில் நின்று கும்பிட்டேன். இதை நீங்கள் பார்த்திருந்தால் எவ்வளவு காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்?

வாக்குத் தருகிறேன், கேளுங்கள். உங்கள் படியில் உப்புப் போடமாட்டேன், சுடுதண்ணீரும் ஊற்றமாட்டேன். விடிய எழும்பிக் கையால் சுரண்டி எடுத்து, அரிசிச் சாக்கு விரிப்பேன். மாப்பிள்ளை வந்து நின்றதும் என் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பனியில் இறங்குவேன். அவன் எந்த விரலைப் பிடித்தாலும், நான் சின்னவிரலைத்தான் நீட்டுவேன்.

நீங்கள் கால் கழுவி உள்ளே கூட்டிவந்த உங்கள் மச்சான்,
சிவநேசன்