பின்மதில்மேல் தகரம்

ஜூன் 3
காலையில் கொல்லைப்பக்கம் போனதும் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பத்மகுமார், இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்மதில்மேல் நீலத் தகரம் அடித்து நிறுத்தியிருக்கிறான். வெட்டுக்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசின மதில், நூறு வருஷமாக இடுப்புயரத்தில் நிற்கிறது. பழமை மாறக் கூடாதென்று, இந்தத் தெருவில் மதிலை உயர்த்தவோ வேலி வைக்கவோ கார்ப்பரேஷன் அனுமதி வேண்டும். அந்த விதிக்காக மூன்று வருஷம் அலைந்தவள் நான், குடியிருப்போர் சங்கச் செயலாளர். என் மதிலிலேயே கை வைக்கிறான் என்றால் என்ன நெஞ்சழுத்தம்!

போய்க் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "கொஞ்ச நாள் இருக்கட்டும் அக்கா, ப்ளீஸ்." ஏன் என்று கேட்டால், உள்ளே வேலை இருக்கிறது என்று நழுவினான்.

ஜூன் 4
புகார் கொடுத்தாயிற்று.

ஜூன் 9
என் வீட்டுக்காரர் இந்த வாரம் மதியம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். போன மாதம் முழுக்கப் பசியில்லை என்று தட்டைத் தள்ளினார். அப்பாடா.

பெங்களூரிலிருந்து மகள் அஞ்சு போன். "அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாகுதும்மா, டாக்டர்கிட்ட காட்டு." அறுபத்தெட்டு வயதில் யாருக்குத்தான் மறக்காது? போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 17
பத்மகுமாருக்குக் கார்ப்பரேஷன் நோட்டீஸ் வந்தது. தகரம் இறங்கியது. ஜெயித்தேன்! பத்மகுமாரின் மனைவி ஸ்ரீலட்சுமி என்னைப் பாவமாகப் பார்த்தாள். திட்டியிருந்தாலும் தேவலை.

ஜூன் 20
சங்க வேலையாக வடக்குத் தெரு மதில்களை அளந்துவிட்டு வீடு வர மணி இரண்டு. இவருக்கு மறுபடி பசியில்லையாம்.

ஜூன் 24
மத்தியானம் அளவு டேப்பை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். வீட்டில் இவர் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீலட்சுமியின் அலறல். ஓடிப் பார்த்தால், அவர்கள் கிணற்றடியில் பத்மகுமார் இவரை இடுப்போடு கட்டிப் பிடித்திருக்கிறான். கிணற்றின் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறது. தரையெல்லாம் பாசி. ஒரு அடி. இன்னும் ஒரே அடி வைத்திருந்தால்—

"எங்க வீட்டுக்கு நான் வாரதுக்கு எதுக்குப் பிள்ள சத்தம் போடுத?" என்கிறார் இவர்.

ஸ்ரீலட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். "அண்ணாச்சி தினமும் உச்சைக்கு, சோத்து நேரத்துக்கு, மதில் கேறி இந்தப் பக்கம் வருவாரு அக்கா. சோறு ஆச்சான்னு கேப்பாரு, போடுவேன். மே கடைசி மழையில கிணத்துச் சுவரு இடிஞ்சிட்டு. மழை விட்டாதான் கொத்தனார் வருவாராம். கிணத்துல விழுந்திருவாரோன்னு எங்களுக்குப் பேடியாயி. அதான் தகரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எப்படிச் சொல்ல? அவருக்கு ஒண்ணுமில்லைன்னுதானே தெரு முழுக்கச் சொல்லீட்டிருக்கீங்க."

ஜூன் 25
ஊர் மதிலையெல்லாம் அளந்தேனே, வீட்டில் இருக்கிற மனுஷனை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேனா? பாவி நான். பாவி.

ஜூலை 2
இவரை டாக்டரிடம் காட்டியது முந்தாநாள். இன்று கார்ப்பரேஷன். மதிலை அதே வெட்டுக்கல்லில், அதே சுண்ணாம்பில் மூன்றடி உயர்த்த என் பேரிலேயே மனு. காரணம் என்ற இடத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதினேன். கிளார்க் லிபின் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குன்னு எழுதணும் மேடம். இல்லைன்னா ஃபைல் நகராது. நீங்க போட வச்ச ரூல்தானே?"

அடித்துவிட்டு எழுதினேன்: 'என் கணவர் சிவதாணுவுக்கு மறதி நோய். தன் வீடு எதென்று தெரியாமல் மதில் ஏறிப் போகிறார்.' என் கையால் இதை எழுதியது இதுதான் முதல் தடவை.

ஜூலை 3
பன்னிரண்டரைக்குச் சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, இவர் கையைப் பிடித்து, பத்மகுமார் வீட்டு வாசல் வழியாகவே கூட்டிப் போனேன். ஸ்ரீலட்சுமி இலை போட்டு விளம்பினாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என்னைக் காட்டி அவளிடம், "கூட வந்தவங்களுக்கும் ஒரு இலை போடு பிள்ள, பாவம், எவ்வளவு நேரமா நிக்காங்க" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.