காத்து வரல

காலையில் பரணைத் துடைக்கப்போய் உன் ரெஷோவை இறக்கினேன். மூடியைத் திருகியதும் மண்ணெண்ணெய் வாசம். அடியில் கால் டம்ளர் அளவு இன்னும் கிடக்கிறது. அன்றைக்கு நீ ஊற்றியது. "காஸ் இருக்கும்போது அந்தப் பித்தளைய எதுக்கு எறக்குற?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த உன் அப்பா பிரான்சிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த சின்ன பம்ப் அடுப்பு. ஸ்டவ் என்றால் உனக்குக் கோபம் வரும், ரெஷோ என்றுதான் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் நாம் வேளாங்கண்ணிக்கு நடந்தபோது அதைச் சுமப்பது நீ, பராமரிப்பது நான். மில்லில் ஃபிட்டராக இருந்தவன் அல்லவா? அடைப்புக்கு ஊசி குத்துவதையும், பம்ப்பின் தோல் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் போடுவதையும் வேறு யார் கையிலும் விடமாட்டேன். "உனக்குப் பொண்டாட்டிய விட இதும்மேலதான்டா பாசம்" என்பாய்.

கடைசி நடையில் நெல்லித்தோப்பிலிருந்து விடியலில் புறப்பட்டு, தவளக்குப்பம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காப்பிக்கு உட்கார்ந்தோம். நீதான் பம்ப் அடித்தாய். நாலு அடி அடித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாய்.

"காத்தே வரல மச்சான்."

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைத்தான் பிடுங்கினேன். பம்ப்பைக் கழற்றி, காய்ந்திருந்த தோலை எண்ணெயில் ஊறவைத்து, விரலால் விரித்துவிட்டு மாட்டினேன். அரைமணி நேரம். நீ மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாய். வெயில்கூட ஏறவில்லை, உன் சட்டை நனைந்திருந்தது. சுடர் நீலமாக எழுந்ததும், "பாரு, இப்ப காத்து வருதா இல்லையா?" என்றேன் பெருமையாக. நீ சிரித்தாய். "வருது, வருது" என்றாய். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டாய்.

கடலூர் போய்ச் சேருவதற்குள் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாய். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பாம். "காலையிலயே மூச்சு முட்டியிருக்கணுமே, சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன்.

"இல்ல சார். ஒண்ணும் சொல்லல."

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மனைவி இதை என் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்கண்ணே. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பீங்க. அவரு எப்பவுமே அழுத்தக்காரரு, எதையும் வெளிய சொல்லமாட்டாரு." நான் தலையை ஆட்டினேன். பழியை உன் மேலேயே விட்டுவிட்டு அடுப்பை வாங்கிக்கொண்டு வந்தேன், பாவி. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் முழந்தாளிட்டும் இது மட்டும் வாயில் வரவில்லை. இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

இன்று பம்ப்பை இழுத்து அடித்துப் பார்த்தேன். தோல் காயவே இல்லை. நான் போட்ட எண்ணெய் அப்படி. முதல் அடியிலேயே காற்றுப் பிடித்தது. தாங்கவில்லை, திருகைத் தளர்த்திவிட்டேன். உஸ்ஸென்று இறங்கி அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னாய் மச்சான். என்னிடம்தான் சொன்னாய்.